கரடிக் குடும்பத்தை எண்ணச் சொன்னேன்

நான் எழுதிய ஒரு வரி என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு சிறுமியின் முதல் பருவ அறிக்கையில், அவளுடைய பெற்றோர் படிக்கும் தாளில், "மூன்று, நான்குக்கு மேல் எண்ணிக்கை பிடிபடவில்லை, கூடுதல் பயிற்சி தேவை" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். அவளுக்கு அப்போது நாலரை வயது. ஒரு முறைக்கு நான்கு முறை அவளைச் சோதித்துப் பார்த்து, குறிப்பேட்டில் தேதி போட்டுப் பதிவு செய்து, அதன் பிறகுதான் எழுதினேன். அது முழுக்கத் தவறு என்று எனக்குத் தெரிய ஏழு வாரம் ஆனது. தவறு அவளைக் கவனித்த விதத்தில் இல்லை. வகுப்புக்காக நான் தேர்ந்தெடுத்து வாங்கிய பொருளில் இருந்தது.

பொருள் என்றால், எண்ணும் கரடிகள். மழலையர் வகுப்பு எடுப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு நிறம், மூன்று அளவு, ஒரு டப்பா நிறைய. அந்த வருடம் எண் மேசைக்கு என்ன வாங்கலாம் என்று பார்த்தபோது இரண்டு மாதிரிகள் கைக்கு வந்தன. ஒன்று இந்தக் கரடிகள். மற்றொன்று நிறம் பூசாத மர வட்டுகள், எல்லாம் ஒரே அளவு. இரண்டையும் குழந்தைகள் முன்னால் வைத்தேன். கரடி இருந்த பக்கம்தான் கூட்டம். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மர வட்டுகளை ஒருவன் எடுத்து மேசையில் உருட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டான். நான் யோசிக்கவே இல்லை. குழந்தைகளைப் பிடித்து வைக்கிறதா இல்லையா என்பதுதான் அப்போது எனக்கு ஒரே அளவுகோல். கரடி வந்தது. மர வட்டுகள் அலமாரியின் மேல் தட்டுக்குப் போயின.

சொன்னபடியே கரடிகள் குழந்தைகளைப் பிடித்து வைத்தன. வகுப்பைப் பார்க்க வருபவர்கள் எண் மேசையைச் சுற்றி எட்டுப் பேர் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பாராட்டுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

அந்தச் சிறுமியும் அந்த மேசையை விட்டு நகர மாட்டாள். "அஞ்சு கரடிய எடுத்துக் கிண்ணத்துல போடு" என்பேன். பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சின்னது ஒன்று போட்டுவிட்டு உள்ளங்கையால் கிண்ணத்தை மூடிக்கொள்வாள். "இன்னும் போடணுமா?" என்று கேட்டால், "போதும் மிஸ்." "எத்தனை இருக்கு?" என்றால், "எல்லாரும் வந்துட்டாங்க மிஸ்." ஒரு நாள் சின்னது இரண்டு போட்டு நான்காக்கினாள். மறுபடி ஒரு நாள் மூன்று. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாததால் வேறு ஏதோ சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். நான்காம் முறையும் அப்படியே நடந்தபோது குறிப்பேட்டில் எழுதினேன்.

கரடிகள் காய்ந்துகொண்டிருந்த நாள்

சளியும் இருமலுமாகப் பாதி வகுப்பு வந்த ஒரு வாரம். மேசைப் பொருட்களை எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் பரப்பி, ஜன்னலோரம் காய வைத்திருந்தோம். எண் மேசை காலியாக இருந்தது. என்ன போடலாம் என்று தேடியபோது மேல் தட்டிலிருந்த மர வட்டுகள் ஞாபகம் வந்தது. தூசு தட்டி எடுத்து வந்தேன். எந்த எதிர்பார்ப்பும் இல்லை. வேறு வழியில்லாமல்தான் எடுத்தேன்.

அந்தச் சிறுமி வந்து உட்கார்ந்தாள். வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மேசை விளிம்பை ஒட்டி வரிசையாக வைத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே ஒவ்வொன்றையும் தொட்டு, ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே போய், "ஒன்பது" என்று நிறுத்தினாள். ஒன்பதுதான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. "எனக்கு அஞ்சு குடேன்" என்றேன். ஐந்தை எண்ணித் தள்ளிக் கொடுத்தாள். "ஏழு?" ஏழு வந்தது. நடுவில் ஒன்றைத் தொட மறந்துவிட்டு, தானே தலையை ஆட்டி, முதலிலிருந்து எண்ணினாள்.

எழுந்து போய் ஜன்னலோரத்திலிருந்த ஈரக் கரடிகளை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன். கிண்ணத்தை வைத்தேன். "அஞ்சு போடு." பெரியது, நடுத்தரம், சின்னது. கையால் மூடினாள். "அஞ்சு கேட்டேனே?" என்றேன். இந்த முறை அவள் என்னைப் பார்த்த பார்வையில் லேசான பொறுமையின்மை இருந்தது. "இவங்க வீட்டுல மூணு பேர்தான் மிஸ்."

மூணு பேர். எண்ணிச் சொன்ன விடை அது. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், இத்தனை வாரமும். அந்தக் கிண்ணம் ஒரு வீடு. அதில் யார் யார் இருக்க வேண்டும் என்பதை அவள் முடிவு செய்துவிட்டாள். ஐந்து வேண்டும் என்று நான் கேட்டது, ஒருவர் வீட்டுக்குள் முன்பின் தெரியாத இரண்டு பேரைத் திணிக்கச் சொன்னது போல. "சரி, இன்னும் ரெண்டு பேர் வந்தா எங்க வைப்ப?" என்று கேட்டேன். இரண்டு கரடிகளை எடுத்துக் கிண்ணத்துக்கு வெளியே, ஒட்டினாற்போல வைத்தாள். "இவங்க பக்கத்து வீடு. மொத்தம் அஞ்சு."

அன்று வகுப்பு முடிந்த பிறகு அந்த மேசையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அறிக்கை போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் அந்த வரியைப் படித்துவிட்டு, தினமும் மாலையில் அவளை உட்கார வைத்து ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வைத்திருப்பார்கள். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பொருள் தன்னைப் பார்க்கச் சொல்கிறது

இது என் வகுப்பில் மட்டும் நடந்த விசித்திரம் இல்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் பிரபலம். ஓர் அறை, அதே அறையின் சிறிய மாதிரி. மாதிரி அறையில் ஒரு குட்டிப் பொம்மையைக் குழந்தை பார்க்க ஒளித்து வைப்பார்கள். பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கிறது, போய்த் தேடு என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்துவிட்டார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளால் முடியவில்லை. என்னை நிறுத்திய செய்தி அதன் தொடர்ச்சியில் இருந்தது. மூன்று வயதுக் குழந்தைகளை அந்த மாதிரி அறையோடு முதலில் கொஞ்ச நேரம் விளையாட விட்டால், அதன் பிறகு தேடுவதில் அவர்கள் பின்தங்கினார்கள். மாதிரியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, தொட முடியாமல் செய்தபோது, இரண்டரை வயதுக்காரர்கள் முன்னேறினார்கள். ஒரு பொருள் பொம்மையாக எவ்வளவு சுவாரசியமானதோ, அது வேறொன்றைக் குறிக்கிறது என்று பார்ப்பது குழந்தைக்கு அவ்வளவு கடினமாகிறது. டிலோச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் இதே கருத்தை வகுப்பறையில் கணக்குக்குக் கையாளும் பொருட்களுக்கு நீட்டி எழுதினார்கள்.

கரடி இரண்டு வேலை பார்க்க வேண்டியிருந்தது. கரடியாகவும் இருக்க வேண்டும், 'ஒன்று' என்பதாகவும் இருக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எண்ணும்போது அது என்ன என்பதை மறந்துவிடலாம் என்பது எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கும் ஒரு விதி. உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டெலும் 1978இல் எண்ணுதலின் ஐந்து விதிகளைப் பிரித்துக் காட்டியபோது இதையும் ஒன்றாக வைத்தார்கள். அந்தச் சிறுமிக்கு வட்டுகளிடம் மறக்க எதுவும் இல்லை. கரடியிடம் அம்மாவை மறக்க வேண்டியிருந்தது. அவள் மறுத்துவிட்டாள்.

நிறங்களும் அளவுகளும் வேறு சேர்ந்துகொண்டன. எண்ணச் சொல்லும் பொருளில் ஆறு நிறமும் மூன்று அளவும் எதற்கு? நிறம் பிரிக்கவும் ஆகும், அளவு ஒப்பிடவும் ஆகும், எண்ணவும் ஆகும் என்பதைத்தான் நான் அதன் சிறப்பாக நினைத்தேன். ஒரே டப்பாவில் மூன்று பாடம் என்று. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் பயன்படுத்திய இளஞ்சிவப்புக் கோபுரத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன், வைத்து நடத்தியும் இருக்கிறேன். பத்துக் கனசதுரங்கள், ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை. எல்லாம் ஒரே நிறம். ஏன் இவ்வளவு சலிப்பான நிறத்தில் ஒன்றே ஒன்று என்று நினைத்திருக்கிறேன். அளவு மட்டும் மாற வேண்டும், வேறு எதுவும் மாறக் கூடாது என்ற ஒரே காரணம்தான். அவருக்கு முன்பே, 1837இல் தன் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல், 'பரிசுகள்' என்று பெயரிட்டு வரிசையாகக் கொடுத்த விளையாட்டுப் பொருட்களிலும் முதல் பரிசு நிறநிறமான ஆறு நூல் பந்துகள். இரண்டாவதில் வடிவம் வருகிறது, உருண்டையும் உருளையும் கனசதுரமும். அங்கே நிறம் போய்விடுகிறது, வெறும் மரம். நிறத்தோடு எப்போது பேசுவது, எப்போது அதை ஒதுக்குவது என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தேன், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறு பக்கம் சாய்ந்தது

இதற்கு அடுத்து நான் செய்ததும் சரியில்லை. கரடிகளை மொத்தமாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். வண்ணம் அடித்தது, முகம் வரைந்தது, சத்தம் போடுவது எல்லாம் போனது. எண் மேசையில் மர வட்டுகள், ஒரு கிண்ணம், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் அந்த மேசைக்கு யாரும் வருவதில்லை. கூப்பிட்டால் வந்து, எண்ணிக் காட்டிவிட்டு, "போகட்டுமா மிஸ்?" என்று நிற்பார்கள். வட்டுகளை வைத்து ஒரு குழந்தையை என்னால் சோதிக்க முடிந்தது. குழந்தைக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை.

ஆக, ஆர்வம் வேண்டியதுதான். அது பொருளில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கத் தவறியிருந்தேன். கரடியின் ஈர்ப்பு அதன் முகத்தில் இருந்தது, எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கையே ஈர்ப்பாக இருக்கும்படி ஏதாவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது ஒரு சாதாரணத் தராசு. ஒரே எடையுள்ள மர வட்டுகள். இந்தத் தட்டில் நான்கு, அந்தத் தட்டில் மூன்று வைத்தால் சாய்கிறது. ஒன்று கூடினால் நிமிர்கிறது. யாரும் சரி, தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. தராசு முள் ஓய்வதில்லை, தட்டு ஒரு பக்கம் இறங்கும்போது குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். எண்களைப் பற்றி அதுவரை வாய் திறக்காத ஒருவன், தட்டு சாய்ந்ததும், "ஒண்ணு கம்மியா இருக்கு" என்று அறைக்கே கேட்கும்படி கத்தினான். மாண்டிசோரியின் உருளைக் கட்டைகளிலும் இதே குணம் உண்டு. பத்துக் குழி, பத்து உருளை. எங்கோ ஒன்றைத் தவறாக வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் மிஞ்சும். குழந்தை என்னைப் பார்க்காது, கட்டையைப் பார்க்கும்.

அடுத்து, ஒன்று முதல் பத்து வரை கட்டங்கள் நேர்கோட்டில் போகும் எளிய பலகை விளையாட்டு. இதற்கு ஓர் அருமையான ஆய்வு இருக்கிறது. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்டது. ஒரு குழுவுக்குக் கட்டங்களில் எண்கள், இன்னொரு குழுவுக்கு அதே விளையாட்டில் எண்களுக்குப் பதில் நிறங்கள். இரண்டு குழுவும் ஒரே மாதிரி காய் நகர்த்தின. எண் பலகையில் ஆடியவர்களுக்கு மட்டும் எண்ணறிவு கூடியது. எனக்கு இது கரடிகளின் கதையாகவே பட்டது. ஆடும் குதூகலம் இரண்டிலும் இருந்திருக்கும். ஒன்றில் மட்டும், ஆட வேண்டுமானால் எண்ணைப் பார்த்தாக வேண்டும்.

கட்டைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், சுருக்கிக்கொள்கிறேன். அலகுக் கட்டைகளை, அதாவது ஓர் அடிப்படை அளவை வைத்துச் செய்த மரக் கட்டைகளை, உருவாக்கியவர் கரோலின் பிராட், 1914இல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கியவர். கனம், அகலம், நீளம் மூன்றும் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற விகிதம். பாதிக் கட்டை இரண்டு சேர்ந்தால் ஒரு கட்டை, ஒரு கட்டை இரண்டு சேர்ந்தால் இரட்டைக் கட்டை. பாலம் கட்டும் குழந்தைக்குக் கட்டை தீர்ந்துவிட்டால் இரண்டு பாதியைத் தேடிப் பிடிக்கிறது. பாலம் நிற்க வேண்டுமானால் கணக்கு சரியாக வர வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: கொஞ்சமாக வாங்கினால் பயனே இல்லை. இருபது கட்டைக்கு ஐந்து பேர் என்றால் அங்கே நடப்பது சண்டை மட்டும்தான். பத்து வகைப் பொருள் வாங்கும் இடத்தில் கட்டையை மட்டும் நிறைய வாங்குங்கள் என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

கத்தரிக்கோலும் அதே கதைதான்

கரடி விஷயம் தெரிந்த பிறகு குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அது அவ்வளவு இனிமையான வேலையாக இல்லை. "கை ஒருங்கிணைப்பு போதவில்லை, தாளைக் கிழிக்கிறான்" என்று ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தேன். அவன் இடது கைக்காரன். வகுப்பிலிருந்த கத்தரிக்கோல் எல்லாம் வலது கைக்கானவை. வலது கையில் பிடித்து மூடும்போது விரல்களின் அழுத்தம் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதே கத்தரியை இடது கையில் பிடித்தால் அந்த அழுத்தம் அலகுகளை விலக்குகிறது. தாள் வெட்டுப்படாமல் இடையில் மடிந்துகொள்ளும். போதாதற்கு, வெட்ட வேண்டிய கோட்டை மேல் அலகு மறைத்துவிடும். அந்தப் பையன் கோட்டைப் பார்க்க மணிக்கட்டைத் திருகித் திருகிப் பிடிப்பான். அதைத்தான் ஒருங்கிணைப்புக் குறை என்று எழுதிவைத்திருந்தேன். பிடி மட்டும் இரண்டு கைக்கும் பொருந்தும் என்று விற்பவை இதற்கு உதவாது. அலகு மாறியிருக்க வேண்டும். இடது அலகு உள்ள இரண்டு கத்தரி வந்தன. முதல் நாளே அவன் ஒரு வட்டத்தை வெட்டி முடித்தான். ஓரம் நேராக இல்லை, ஆனால் முழு வட்டம். அதை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று பையில் பத்திரமாக வைத்தான்.

நிறம் பிரிக்கும் விளையாட்டில் எப்போதும் சிவப்பையும் பச்சையையும் கலக்கும் பையன்களைப் பற்றியும் இப்போது எனக்கு அவசர முடிவு வருவதில்லை. சிவப்பு-பச்சைக் குழப்பம் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, பையன்களிடம்தான் அதிகம். நீலத்தையும் மஞ்சளையும் வைத்து ஒரு முறை பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன்.

இப்போது புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமென்றால், மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்கிறேன். இதைச் சரியாகச் செய்யும் குழந்தை எதைப் பார்த்துச் செய்யும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பிறகு வேண்டுமென்றே தப்பாகச் செய்து பார்க்கிறேன். தப்பு எனக்குத் தெரிகிறதா, அல்லது பொம்மை பாட்டுப் பாடிக் கைதட்டிவிடுகிறதா? பட்டனை அழுத்தினால் விடை சொல்லும் பொருட்களில் பெரும்பாலானவை இங்கேயே விழுந்துவிடும். எல்லாப் பட்டனையும் வரிசையாக அழுத்தினால் போதும், ஏதோ ஒன்றில் பாராட்டு வந்துவிடும். அப்புறம் இடது கையால் செய்து பார்க்கிறேன். வாய்க்குள் போகுமா என்று பார்ப்பதும் உண்டு. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் தொண்டையில் சிக்கும் அளவில் துண்டு உண்டா என்று போட்டுப் பார்க்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். என் வகுப்புக் குழந்தைகள் மூன்றைத் தாண்டியவர்கள்தான், ஆனாலும் வாயில் போடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளும், கழன்று வரக்கூடிய சிறு காந்தங்களும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வகுப்புக்குள் வருவதில்லை. விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டிவரும்.

கரடிகள் திரும்பி வந்துவிட்டன. எண் மேசைக்கு வரவில்லை, கதை மூலைக்கு. ஒரு தட்டில் பத்துக் கரடி மட்டும் வைத்திருக்கிறேன், டப்பா நிறைய வைப்பதில்லை. அங்கே அவை வீடு கட்டுகின்றன, காய்ச்சலில் படுக்கின்றன, ஊருக்குப் போய்விட்டு வருகின்றன. அந்த மூலையில் நான் எண்ணிக்கை கேட்பதில்லை.

அந்தச் சிறுமியின் அம்மாவை வரச் சொல்லி, வட்டுகளையும் கரடிகளையும் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்ல சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கிறதே அவதான் மிஸ். ஆளுக்கு ஒண்ணா சரியா வைப்பா. இங்க மட்டும் ஏன் வரலேன்னு எங்களுக்குப் புரியல" என்றார். அதை ஏன் முன்பே வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தீங்களே" என்றார்.

அந்த வரியை அவர் முன்னாலேயே அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக எழுதினேன்: "வட்டுகளை வைத்து ஒன்பது வரை எண்ணுகிறாள். கேட்ட எண்ணிக்கையை எடுத்துத் தருகிறாள். கரடிகளை வைத்துக் குடும்பம் அமைக்கிறாள்." அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் தேதிக்கும் குழந்தையின் பெயருக்கும் நடுவில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. எந்தப் பொருளோடு என்று அதில் எழுதாமல், அடுத்த கட்டத்தை நிரப்புவதில்லை.